ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அரங்குகளைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் ஒருநாள் தன்னம்பிக்கை முகாம்களைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். அவற்றை நடத்துகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால், வங்கியில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பின், கடந்த ஆறு ஆண்டுகளாகத் தாராவி, சயான் பகுதிப் பிள்ளைகளை நேர்முகத் தேர்வுகளுக்குத் தயார்ப்படுத்தும் வேலையை நண்பர்கள் மூவரோடு சேர்ந்து செய்து வருகிறவன் என்ற முறையில், அந்த முகாம்களிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்வது மிகக் குறைவு என்பதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதைவிட எளிதாக, ஏறக்குறையச் செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்றை நம் தமிழ் அமைப்புகள் செய்யாமல் இருக்கின்றன என்பதையும் தங்கள் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பி.காம். இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி எங்களிடம் வந்தாள். தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் அவர்கள் வீடு. தாயும் தந்தையும் விடியற்காலையில் எழுந்து இட்லி அவிக்கிறார்கள். தந்தை அதைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போய் விற்று வருகிறார். மாதிரி நேர்முகத் தேர்வில் வழக்கம்போல, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மனப்பாடம் செய்திருந்த வாக்கியங்களில் இரண்டு வந்தன, மூன்றாவது வரவில்லை. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றியபடி, தரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஸாரி ஸார்" என்று நான்கு முறை சொன்னாள். மேற்கொண்டு கேட்டால் அழுதுவிடுவாள் என்று தோன்றியதால், கேள்விகள் எழுதிய தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டில் நாள் ஒன்றுக்கு எத்தனை கிலோ அரிசி ஊறப்போடுகிறீர்கள் என்று தமிழில் கேட்டேன்.

"பத்துக் கிலோ ஸார். அரிசி பத்துன்னா உளுந்து ரெண்டரை" என்றாள். பத்துக் கிலோ என்றால் ஆயிரம் இட்லி தேறுமா என்றதும், தலையை நிமிர்த்தி என் கண்ணைப் பார்த்து, "இல்ல ஸார், எங்க தட்டுக்கு அறுநூறைத் தாண்டாது. ஆயிரம் வரணும்னா இட்லி சின்னதாயிடும், வாங்கறவங்க அடுத்த நாள் வரமாட்டாங்க" என்று திருத்தினாள். ஜனவரியில் மாவு எளிதில் பொங்காது என்பதால் மாலை நான்கு மணிக்கே அரைத்துவிடுவதையும், எந்தக் கடைக்காரர் பணத்தை அன்றன்றைக்குக் கொடுப்பார், எவர் வாரக் கணக்கு வைப்பார் என்பதையும், அந்த வாரக் கணக்கு நோட்டைப் பத்தாம் வகுப்பிலிருந்து தானே எழுதி வருவதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். துப்பட்டா எப்போது கையைவிட்டு நழுவியது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு கைகளும் மேசைமேல் அமைதியாக இருந்தன. தன்னைவிட வயதில் மிக மூத்த ஒருவரின் தவறான கணக்கைப் பணிவு குறையாமல், குரல் நடுங்காமல் மறுத்துச் சொல்லும் நிதானம், ஐந்து நிமிடங்களுக்கு முன்பு வாய் திறக்க முடியாமல் இருந்த அதே பெண்ணிடம், அதே நாற்காலியில் இருந்தது.

தன்னம்பிக்கை இல்லாத பெண் என்று அவளைச் சொல்ல எனக்கு இனி மனம் வராது. ஆயிரம் முறை தன் கையால் செய்து பார்த்த காரியத்தில் அவளுக்கு அது நிறைய இருந்தது. செய்தே பார்க்காத ஒன்றில், அதாவது முன்பின் தெரியாதவர்கள் முன் அமர்ந்து தன்னைப் பற்றிப் பேசுவதில், அது இல்லாமல் போனதில் வியப்பு என்ன இருக்கிறது? நீச்சல் தெரியாதவனுக்கு ஆற்றங்கரையில் தைரியம் சொல்லிப் பயனில்லை. ஆழமில்லாத இடத்தில் முதலில் இறக்கிவிட வேண்டும்.

இது என் அனுபவம் மட்டும் சொல்லும் செய்தியாக இருந்தால் எழுதத் தயங்கியிருப்பேன். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர், ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆராய்ந்து 1977இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் நான்கு ஊற்றுகளைக் காட்டினார். தானே செய்து வெற்றி கண்ட அனுபவம் ஒன்று. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைக் காண்பது ஒன்று. பிறர் ஊக்கிச் சொல்லும் சொல் ஒன்று. தன் உடலிலும் மனத்திலும் எழும் படபடப்பைத் தான் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது ஒன்று. இவற்றுள் முதலாவதே மிக வலுவானது என்பது அவர் கண்ட முடிவு. நம் முகாம்களோ மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை அதையே வழங்குகின்றன. பேச்சாளர் பேசுகிறார், பிள்ளைகள் கேட்கிறார்கள். பேசக் கூச்சப்படும் பிள்ளை அன்று முழுவதும் ஒரு சொல்கூடப் பேசாமல், சான்றிதழை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறது.

இந்த முகாம்களில் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, என்னால் முடியும், நான் சிறந்தவன் என்று முழங்க வைப்பதையும் பார்த்திருக்கிறேன். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்ட முடிவைப் பயிற்சியாளர்கள் அவசியம் படிக்க வேண்டும். தம்மைப் பற்றி ஏற்கெனவே உயர்வாக எண்ணுகிறவர்களுக்கு இத்தகைய வாசகங்கள் சிறிதளவு உதவின. தம்மைத் தாழ்வாக எண்ணுகிறவர்களோ, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னபின், சொல்லாதவர்களைவிடச் சோர்ந்து போனார்கள். வாய் ஒன்று சொல்ல, மனம் அதை மறுத்துக்கொண்டே இருக்கும்போது அப்படித்தானே ஆகும்? இடுப்பில் கைவைத்து இரண்டு நிமிடம் மிடுக்காக நின்றால் உடலின் ஹார்மோன் சுரப்புகளே மாறித் துணிவு வந்துவிடும் என்று ஒரு பயிற்சி இன்றும் கற்பிக்கப்படுகிறது. அதற்கு ஆதாரமான 2010ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2015இல் 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது, வலிமையாக உணர்ந்ததாக அவர்கள் சொன்னார்களே தவிர, சுரப்புகளிலோ நடத்தையிலோ மாற்றம் தென்படவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரே 2016இல் அந்த விளைவைத் தாம் நம்பவில்லை என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டார்.

நம் மும்பையிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய பாடமாக இருக்கிறது. இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891இல் திரும்பிய மோகன்தாஸ் காந்தி என்ற இளைஞர், பம்பாயில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மாமிபாய் என்ற பெண்ணுக்காகத் தம் முதல் வழக்கில் ஆஜரானார். கட்டணம் முப்பது ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கேட்க ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார். வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறிவிட்டு, வழக்கு என்ன ஆயிற்று என்றுகூட அறியாமல் வெளியேறினார். தென்னாப்பிரிக்கா போகும்வரை அவர் மீண்டும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. இதைச் சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். அவர் போன வழக்கு முழுவதும் கணக்கு வழக்குச் சிக்கல். கணக்குப் பதிவியல் பற்றி ஒன்றும் தெரியாத அவர், அதைப் பற்றிய நூல் ஒன்றை வாங்கிப் படித்தார். படித்ததும் ஓரளவு நம்பிக்கை வந்தது என்கிறார். பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்கள் நிறைந்த கூட்டத்தில் தம் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சைப் பேசினார். எடுத்துக்கொண்ட பொருள், வணிகத்தில் உண்மையாக நடந்துகொள்வது. பொருளைத் தயார் செய்துகொண்டு போனதாகவும் குறிப்பிடுகிறார். ஆனால் 1896இல் மீண்டும் பம்பாய்க்கு வந்து பெருங்கூட்டத்தின் முன் நின்றபோது மறுபடியும் குரல் நடுங்கிற்று. கையில் எழுதி வைத்திருந்த உரையைக் காங்கிரஸ் பிரமுகர் தின்ஷா வாச்சா வாங்கிப் படிக்க வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும், பட்ட அனுபவங்களுக்குப் பிறகும், அப்படி! கூச்சம் ஒரே நாளில் உதிர்ந்துவிடும் ஒன்றாக அவருக்கே இருக்கவில்லை என்றால், பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரே நாள் முகாமில் அதை எப்படி எதிர்பார்க்கலாம்?

எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. ஏழாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, எட்டாம் வகுப்பில் ஆங்கில வகுப்புக்கு மாறியவன் நான். பட்டம் பெற்ற ஆண்டில் ஃபோர்ட் பகுதியிலிருந்த ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில், என் உச்சரிப்பைக் கேட்டு அங்கிருந்த அதிகாரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதன்பின் கேட்கப்பட்ட கேள்விகள், விடை தெரிந்தவை உட்பட, எதற்கும் எனக்கு நா எழவில்லை. அந்தப் புன்னகையை மறக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. எதிரே அமரும் பிள்ளை தடுமாறும்போது எங்களில் எவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று நண்பர்களுக்கு நான் விதி வைத்திருப்பது இதனால்தான்.

உச்சரிப்பைப் பற்றிய தவறான எண்ணம் இந்த நகரில் நம் பிள்ளைகளை மிகவும் வருத்துகிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி, கல்லூரியில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் புழங்கும் பிள்ளை, தனக்கு எந்த மொழியும் சரியாக வராது என்று நம்பிக்கொண்டிருப்பதைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை. நிதானம் என்பது ஆங்கிலத்தை வேகமாகப் பேசுவது என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். குடிமைப் பணித் தேர்வில் ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்முகத் தேர்வுக்கு மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் 275 மதிப்பெண் உண்டு. அந்தத் தேர்வைக்கூடக் குறுக்கு விசாரணையாக இல்லாமல், நோக்கத்தோடு நடத்தப்படும் இயல்பான உரையாடலாகவே தேர்வாணையம் தன் அறிவிக்கையில் விளக்குகிறது. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழ்ப் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. இது தெரியாமல், நேர்முகத் தேர்வுக்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அச்சம் எவ்வளவு தூரம் கதவை அடைத்துவிடுகிறது பாருங்கள்.

நாங்கள் செய்வதில் புதுமை ஒன்றுமில்லை. முதல் நான்கு வாரங்கள் ஆங்கிலமே கிடையாது. ஒவ்வொருவரும் தாம் நன்றாக அறிந்த ஒன்றைப் பற்றித் தமிழில் மூன்று நிமிடம், நின்றுகொண்டு பேச வேண்டும். தோல் பை தைப்பது, கல்லூரிக்கு இரண்டு ரயில் மாறிப் போவது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். கேட்கிறவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். அறிவுரை சொல்லக் கூடாது. ஐந்தாம் வாரம் அதே பொருளை அவரவருக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். சொல்ல வேண்டிய பொருள் ஏற்கெனவே கையில் இருப்பதால், மொழியை மட்டும் தேடினால் போதும் என்ற நிலை அவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. எட்டாம் வாரத்துக்குப் பிறகுதான் அவர்கள் அறியாத பெரியவர்களை அழைத்து வந்து எதிரே உட்கார வைக்கிறோம்.

சிறு விஷயங்கள் என்று மற்றவர்கள் நினைப்பதற்கு நாங்கள் நிறைய நேரம் கொடுக்கிறோம். கதவைத் திறந்து உள்ளே வந்து, வணக்கம் சொல்லி, அமரச் சொன்னபின் அமர்வதைப் பத்து முறை செய்து பார்க்கிறார்கள். கேள்வியை முழுவதும் கேட்டு, ஒரு மூச்சை மெதுவாக வெளியே விட்டு, அதன்பின் பேசத் தொடங்குகிறார்கள். அந்தச் சிறு மௌனம் தமக்கு நெடுநேரமாகத் தோன்றினாலும் எதிரே இருப்பவருக்கு அப்படித் தோன்றுவதில்லை என்பதை, எதிர் நாற்காலியில் தாமே அமர்ந்து பார்க்கும்போதுதான் நம்புகிறார்கள். நெஞ்சு படபடப்பதும் தொண்டை வறள்வதும் திறமையின்மைக்கு அடையாளம் இல்லை, பெரிய காரியத்துக்கு உடல் ஆயத்தமாகும் விதம் அது, பேசத் தொடங்கியபின் பெரும்பாலும் தானாகவே தணியும் என்று விளக்குகிறோம். விடை தெரியாதபோது, மன்னிப்புக் கேட்காமல், சுற்றி வளைக்காமல், தெரியவில்லை என்று தெளிவாகச் சொல்லப் பழக்குகிறோம். நாங்கள் கற்றுக்கொடுப்பதில் மிகக் கடினமானது இதுதான். முதல் முறை அதைத் தலைகுனியாமல் சொல்லி முடித்த பிள்ளையின் முகத்தில் வரும் தெளிவை எந்தச் சொற்பொழிவாலும் கொண்டுவர முடியாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளையை நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காதே என்று பதினெட்டு ஆண்டுகள் வளர்த்துவிட்டு, பத்தொன்பதாவது ஆண்டில் நேர்முகத் தேர்வில் சரளமாகப் பேசவில்லையே என்று கடிந்துகொள்வது நியாயமாகாது. ரேஷன் கடையிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் சில கேள்விகளை அவளையே கேட்க விடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கற்றதை அவையில் எடுத்துச் சொல்ல அஞ்சுகிறவன், உயிரோடு இருந்தும் இல்லாதவனுக்குச் சமம் என்று வள்ளுவர் கடுமையாகவே சொல்லிவிட்டார். அவை அஞ்சாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அஞ்சாமல் பேச முதலில் ஓர் அவை வேண்டுமே! அந்த அவையை நம் பிள்ளைகளுக்கு யார் கொடுப்பது? மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று எங்கெல்லாம் நம்மவர்கள் வாழ்கிறார்களோ அங்கெல்லாம் தமிழ் அமைப்புகளுக்கு அரங்கோ, கோயில் கூடமோ, பள்ளி வகுப்பறையோ இருக்கிறது. ஆண்டு விழாவும் பட்டிமன்றமும் திருமணமும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவை பூட்டியே கிடக்கின்றன. வங்கி, காப்பீடு, ரயில்வே, துறைமுகம், அணுசக்தி நிலையம் ஆகியவற்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள் இந்நகரில் ஏராளமானோர் இருக்கிறார்கள்; அவர்களில் பலர் தம் பணிக்காலத்தில் நேர்முகத் தேர்வு நடத்தும் குழுக்களில் அமர்ந்தவர்கள். பூட்டிய அறையையும் ஓய்வாக இருக்கும் பெரியவர்களையும் காத்திருக்கும் பிள்ளைகளையும் வாரம் இரண்டு மணி நேரம் ஒன்று சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஒலிபெருக்கி வேண்டாம், பொன்னாடை வேண்டாம், சிறப்பு விருந்தினரும் வேண்டாம். பத்து நாற்காலிகளும் ஒரு மேசையும் மின்விசிறியும் போதும். அப்படித் திறக்க முன்வரும் இடங்களின் பெயரையும் நேரத்தையும் தங்கள் நாளிதழின் நிகழ்ச்சிகள் பகுதியில் வாரந்தோறும் வெளியிட்டு உதவினால், எங்கே போவது என்று தெரியாமல் இருக்கும் பல குடும்பங்களுக்கு அது வழிகாட்டும்.

நான் முதலில் சொன்ன மாணவி அதன்பின் இரண்டு நேர்முகத் தேர்வுகளில் தேர்வாகவில்லை. மூன்றாவதில், பட்டியலிடப்பட்ட கேள்விகளை ஒதுக்கிவிட்டு, வாரக் கணக்கு வைக்கும் கடைக்காரர்களிடம் பாக்கியை எப்படி வசூலித்தாள் என்றே பெரும்பகுதி நேரம் கேட்டார்களாம். இப்போது கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் வந்து, கேள்வி கேட்கிறவர்களின் பக்கத்தில் அமர்கிறாள். சென்ற வாரம் தலைகுனிந்தே பேசிய ஒரு பையனிடம், உன் அப்பா தைக்கிற பைக்கு எத்தனை அடி தோல் பிடிக்கும் என்று அவள்தான் கேட்டாள்.

நாங்கள் இப்போது கூடுவது, ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் நண்பர் ஒருவரின் கடையில். தகரக் கூரையில் மழை விழுந்தால் பேசுவது கேட்பதில்லை. பதினான்கு பேருக்கு மேல் அமர இடமில்லாததால், ஒன்பது பிள்ளைகளை அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
செம்பூர், மும்பை.